உயர்நிலை வலையமைப்புத் தேர்வு: கற்கும் நெறியும் வெல்லும் வழியும்



கல்விக்குக் கொடுப்பதையும் அறமாகவே எண்ணும் மரபு நம்முடையது. அண்மை ஆண்டுகளில் நம் இளைஞர்கள் பலர், தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படித்து வேலைக்குச் சென்ற பின்னும், "சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறேன்" என்று சொல்லக் கேட்கிறோம். அது எத்தகைய தேர்வு என்று பெற்றோருக்கு விளங்குவதில்லை. நான்கு வாரம் கண்விழித்துப் படித்தால் போதும் என்று எண்ணுவோர் சிலர். பணம் கட்டினால் கிடைக்கும் தாள் என்று எண்ணுவோர் வேறு சிலர். இரண்டும் சரியன்று. கணினி வலையமைப்புத் துறையின் உயர்நிலைத் தேர்வு எப்படிப்பட்டது, அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது, வீட்டார் எவ்வகையில் துணை நிற்கலாம் என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிக் கணக்கு தெரிந்தவர்கள் எவரும் இதைத் தொடர்ந்து படிக்கலாம்.

வலையமைப்பு என்பது என்ன?

நம் சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் குறிக்கும். 56 என்று தொடங்கினால் அங் மோ கியோ பக்கம் என்று அஞ்சலகத்தார் அறிவர். வீவக குடியிருப்புகளில் கடைசி மூன்று இலக்கங்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாக இருக்கும். கடிதம் பிரிப்பவர் முதலில் வட்டாரத்தைப் பார்க்கிறார். வட்டாரத்தில் உள்ளவர் புளோக்கைப் பார்க்கிறார். புளோக்குக்கு வந்தவர் வீட்டு எண்ணைப் பார்க்கிறார். எல்லா வீடுகளையும் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கணினிகளுக்கு இடையே செல்லும் செய்தியும் இவ்வாறே செல்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் உண்டு. நெடுங்காலமாக வழங்கும் நான்காம் பதிப்பு முகவரி 32 பிட் கொண்டது. அதாவது 0, 1 என்னும் இரும இலக்கங்கள் 32. அதனால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் அமைகின்றன. அவை போதாமற்போகவே 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு ஏற்பட்டது. சிறு பொட்டலங்களாக வரும் செய்தியின் முகவரியில் முற்பகுதியைப் பார்த்து, எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகளை இணைப்பது சுவிட்ச். இவற்றை அமைப்பதும், பழுது வந்தால் கண்டுபிடிப்பதும் வலையமைப்புப் பொறியாளரின் தொழில்.

இத்தொழிலில் ஒருவர் செய்யும் சிறு செயலும் பலரைத் தொடும். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் உள் முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. அதன் விளைவாக, "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று பிற வலையமைப்புகளுக்குத் தெரிவிக்கும் அறிவிப்புகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. வீடு இருந்தது, முகவரிதான் காணாமற்போயிற்று. 2023 நவம்பர் 1ஆம் நாள் நம் பொது மருத்துவமனைகள் பலவற்றின் இணையப் பக்கங்கள், வேண்டுமென்றே குவிக்கப்பட்ட போலிப் போக்குவரத்தால் பல மணி நேரம் திறக்க முடியாமல் இருந்ததையும் அன்பர்கள் நினைவில் வைத்திருக்கலாம். இத்தகைய வேளையில் பதற்றமின்றிக் காரணத்தைத் தேடத் தெரிந்தவர் வேண்டும். உயர்நிலைத் தேர்வு சோதிப்பது அந்தத் திறனைத்தான்.

தேர்வின் படிகள்

இத்துறையில் பல நிறுவனங்கள் தேர்வு நடத்துகின்றன. அவற்றுள் நெடுநாளாகப் பெயர் பெற்றவை 1984இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சிஸ்கோ நிறுவனத்தின் தேர்வுகள். அவற்றை மூன்று படிகளாகக் கொள்ளலாம். முதற்படி சி.சி.என்.ஏ. நடுப்படி சி.சி.என்.பி. உயர்படி சி.சி.ஐ.இ.

சி.சி.ஐ.இ. 1993இல் தொடங்கியது. தேர்ச்சி பெறும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அவ்வரிசை 1024இலிருந்து தொடங்கிற்று. அந்த முதல் எண் தேர்வு நடந்த ஆய்வுக்கூடத்துக்கே வழங்கப்பட்டது. 1024 என்பது 2இன் 10ஆம் அடுக்கு என்பதைக் கணக்குப் படித்த அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். தொடக்கத்தில் ஆய்வுக்கூடத் தேர்வு இரண்டு நாள் நடந்தது. 2001இல் ஒரே நாளாகச் சுருக்கினர்.

2020 பிப்ரவரியில் இத்தேர்வுகள் மாற்றியமைக்கப்பட்டன. அந்த அமைப்பின்படி, நடுப்படிக்கு ஒரு மையத் தேர்வும், விருப்பத்துக்கேற்ற ஒரு சிறப்புப் பாடத் தேர்வும் எழுத வேண்டும். மையத் தேர்வு 120 நிமிடம். அதே மையத் தேர்வில் வெற்றி பெற்றவரே உயர்படியின் ஆய்வுக்கூடத் தேர்வுக்குச் செல்லலாம். ஆய்வுக்கூடத் தேர்வு 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் வடிவமைப்பு. இப்பகுதியில் விடையளித்துவிட்ட வினாவுக்குத் திரும்பிச் செல்ல இயலாது. அடுத்த 5 மணி நேரம் வலையமைப்பை அமைத்தல், இயக்குதல், செம்மைப்படுத்தல். மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்த அளவு ஒன்றை எட்டியாக வேண்டும். ஒரு பாடத்தின் பலவீனத்தை இன்னொரு பாடத்தால் மூடிவிட முடியாது என்பது இதன் பொருள்.

2020இல் வெளியிட்ட மையத் தேர்வுப் பாடத்திட்டத்தில் கட்டமைப்புக்கு 15 விழுக்காடு, மெய்ந்நிகராக்கத்துக்கு 10, உள்கட்டமைப்புக்கு 30, வலையமைப்புக் கண்காணிப்புக்கு 10, பாதுகாப்புக்கு 20, தானியக்கத்துக்கு 15 என்று பிரித்திருந்தார்கள். பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே படிக்கத் தொடங்குமுன் நடப்புப் பதிப்பை நிறுவனத்தின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்வது முதற்கடமை. பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பழைய பாடத்தைப் படிப்பது வீண் உழைப்பு.

முதற்பாடம்: முகவரியைப் பங்கிடுதல்

ஓர் அலுவலகத்துக்கு 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை 256 முகவரிகள் கிடைத்துள்ளன. நான்கு பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் முறையே 100, 50, 25, 10 கணினிகள். எவ்வாறு பங்கிடுவது?

ஒவ்வொரு பங்கும் 2இன் அடுக்காக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஒவ்வொரு பங்கிலும் முதல் முகவரி அப்பங்கின் பெயராகவும், கடைசி முகவரி எல்லாருக்குமான அறிவிப்புக்காகவும் ஒதுக்கப்படும் என்பது இரண்டாம் விதி. எனவே 100 கணினிக்கு 128 முகவரி கொண்ட பங்கு வேண்டும். அதில் பயன்படுவது 126. 50 கணினிக்கு 64, பயன்படுவது 62. 25 கணினிக்கு 32, பயன்படுவது 30. 10 கணினிக்கு 16, பயன்படுவது 14.

பெரியதிலிருந்து தொடங்குவோம். முதற்பிரிவுக்கு 0 முதல் 127 வரை. இரண்டாவதற்கு 128 முதல் 191 வரை. மூன்றாவதற்கு 192 முதல் 223 வரை. நான்காவதற்கு 224 முதல் 239 வரை. 240 முதல் 255 வரை 16 முகவரிகள் எதிர்காலத்துக்கு மிச்சம். பெரியதை ஏன் முதலில் வைத்தோம்? ஒவ்வொரு பங்கும் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும். பெரியதை முதலில் வைத்தால் அடுத்த சிறிய பங்கு இடைவெளியின்றித் தானாகவே சரியான இடத்தில் அமைந்துவிடும்.

பங்கின் அளவைக் குறிக்க, 32 பிட்டில் எத்தனை பிட் நிலையானவை என்று எழுதுவர். 128 முகவரிப் பங்கு /25. 64 என்றால் /26. 32 என்றால் /27. 16 என்றால் /28. இக்கணக்கைத் தாளும் பேனாவும் இன்றி அரை நிமிடத்தில் செய்யும் வரை பழக வேண்டும். வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு நீள் வகுத்தல் வராதது போல, இக்கணக்கு வராதவருக்கு மேற்கொண்டு எதுவும் வாராது.

இரண்டாம் பாடம்: எந்த வழி?

ஓர் இடத்துக்குப் பல வழிகள் தெரிந்தால் ரூட்டர் எதைத் தேர்ந்தெடுக்கும்? பொறியாளர் கையால் எழுதிக் கொடுத்த வழிக்கு நம்பிக்கை எண் 1. ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்னும் நெறிமுறை சொன்னதற்கு 90. ஓ.எஸ்.பி.எஃப். சொன்னதற்கு 110. ரிப் சொன்னதற்கு 120. எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். இதை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு வினா. 192.168.10.0/24 என்ற முழுப் பகுதிக்கும் கையால் எழுதிய வழி உள்ளது. 192.168.10.128/26 என்ற பங்குக்கு ஓ.எஸ்.பி.எஃப். வேறொரு வழி சொல்கிறது. 192.168.10.140க்குச் செல்லும் பொட்டலம் எவ்வழியே போகும்? நம்பிக்கை எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர், கையால் எழுதிய வழி என்பார். அது தவறு. பொட்டலம் ஓ.எஸ்.பி.எஃப். வழியே செல்லும். ஏனெனில் மிகக் குறிப்பான முகவரிக்கே முதலிடம். "வட்டாரம் 56" என்ற பலகையும் "புளோக் 123" என்ற பலகையும் இருந்தால், 123ஆம் புளோக்குக்குப் போகிறவர் இரண்டாவது பலகையைத்தானே பார்ப்பார்? ஒரே அளவுள்ள, ஒரே பகுதிக்குரிய வழிகள் இரண்டு போட்டியிடும்போதுதான் நம்பிக்கை எண் பார்க்கப்படும். விதியை அறிவது ஒன்று. எந்த விதி எதற்கு முன் வரும் என்று அறிவது வேறொன்று. உயர்நிலைத் தேர்வின் வினாக்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

மூன்றாம் பாடம்: பழுதறிதல்

ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில் அண்டை ரூட்டர்கள் முதலில் வணக்கம் சொல்லிக்கொள்கின்றன. சாதாரண அலுவலக இணைப்பில் 10 நொடிக்கு ஒருமுறை வணக்கம். 40 நொடி வரை வணக்கம் வரவில்லை என்றால் அண்டையார் இல்லை என்று கொள்ளும். வணக்கம் முடிந்த பின் தம்மிடமுள்ள வரைபடத்தைப் பரிமாறிக்கொள்ளும். பின்னர் ஒவ்வொன்றும் மிகக் குறைந்த செலவுள்ள வழியைக் கணக்கிடும். அக்கணக்கு முறையை டச்சுக் கணித அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956இல் கண்டு 1959இல் வெளியிட்டார்.

இரண்டு ரூட்டர்கள் வணக்கம் சொல்லிக்கொள்கின்றன. ஆனால் வரைபடப் பரிமாற்றம் தொடக்க நிலையிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமற்றவர் கம்பியை மாற்றுவார். கருவியை அணைத்துப் போடுவார். கற்றவர் இவ்வாறு எண்ணுவார்: வணக்கம் வருகிறது, ஆகவே கம்பியில் குறையில்லை. வணக்க இடைவெளியும் பகுதி எண்ணும் பொருந்தியிருக்கின்றன. பொருந்தாவிட்டால் அண்டையராகவே ஏற்றிருக்க மாட்டா. அப்படியானால் அடுத்த கட்டத்தில் மட்டும் சோதிக்கப்படுவது எது? ஒரு பொட்டலம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்ற அளவு. ஒரு பக்கம் 1500 பைட், மறுபக்கம் 1400 பைட் என்று இருந்தால், சிறிய அளவுள்ள பக்கம் மற்றதன் விவரப் பொட்டலத்தை ஏற்காது. இரு பக்கமும் அளவைப் பார்த்துச் சமன் செய்தால் பழுது நீங்கும். எது சரியாக இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்து, எஞ்சியதைத் தேடுவதே பழுதறியும் நெறி. மருத்துவர் நோய் நாடுவதும் இவ்வாறுதானே?

ஆயத்தம் செய்யும் முறை

வேலைக்குச் செல்பவர் வார நாட்களில் நாளுக்கு 2 மணி நேரமும் சனி, ஞாயிறுகளில் 4 மணி நேரமும் ஒதுக்கினால் வாரத்துக்கு 18 மணி நேரம் கிடைக்கும். 50 வாரத்தில் 900 மணி நேரம். முதற்படியையும் நடுப்படியையும் முறையாகக் கடந்தவர்க்கே இந்த ஓராண்டுத் திட்டம் பொருந்தும். அவசரப்பட்டு உயர்படிக்குத் தாவுதல் கூடாது.

படிப்பதில் பாதி நேரம் கையால் செய்து பார்ப்பதற்கு இருக்கட்டும். விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்ற அச்சம் தேவையில்லை. 1997இல் தொடங்கிய சிஸ்கோ கல்விக்கூடத் திட்டத்தின் வழியாகப் பேக்கெட் டிரேசர் என்னும் பாவனை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முதற்படிக்கு அதுவே பெரும்பாலும் போதும். அடுத்த படிகளுக்கு ஜி.என்.எஸ்.3 போன்றவை உண்டு. நெறிமுறைகளின் மூல ஆவணங்களும் இலவசம். ஓ.எஸ்.பி.எஃப். இரண்டாம் பதிப்பை விளக்கும் 2328ஆம் ஆவணம் 1998இல் வெளிவந்தது. 244 பக்கம் கொண்டது. அதை ஒருமுறையேனும் பொறுமையாகப் படித்தவர், பிறர் எழுதிய சுருக்கத்தை எடைபோடத் தெரிந்தவராவார்.

நான்கு பழக்கங்களை வலியுறுத்த விரும்புகிறேன். ஒன்று, ஒரு வலையமைப்பை அமைத்தபின் அதை வேண்டுமென்றே பழுதாக்கி, என்ன அறிகுறி தோன்றுகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு, கற்றதை மற்றொருவருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்குங்கள். நாக்குத் தடுமாறும் இடமே உங்களுக்குப் புரியாத இடம். மூன்று, மாதம் ஒருமுறை 8 மணி நேரம் தொடர்ந்து அமர்ந்து ஒத்திகை பாருங்கள். அறிவு இருந்தும் ஐந்தாம் மணி நேரத்தில் களைத்துப்போவோர் உண்டு. நான்கு, வினாவை முழுமையாகப் படித்தபின் கை வையுங்கள். பிற்பகுதியில் சொல்லப்பட்ட ஒரு நிபந்தனை முற்பகுதியில் செய்த அமைப்பைக் கலைத்துவிடக்கூடும்.

குறுக்கு வழி வேண்டா

இத்துறை இளைஞர்களிடையே "டம்ப்" என்றொரு சொல் வழங்குகிறது. தேர்வில் வந்த வினாக்களைத் திருட்டுத்தனமாகத் தொகுத்து விடையோடு விற்பது அது. விலை குறைவு, மனப்பாடம் செய்தால் எழுத்துத் தேர்வில் தேறிவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடுவதில்லை என்ற உடன்பாட்டை ஏற்ற பின்னரே தேர்வுக்குள் செல்கிறார். அதை மீறினால் சான்றிதழ் பறிக்கப்படலாம். மீண்டும் எழுத முடியாதபடி தடையும் வரலாம்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சான்றிதழைப் பார்த்து ஒரு நிறுவனம் அவரிடம் மருத்துவமனையின் வலையமைப்பை ஒப்படைக்கிறது. நள்ளிரவில் இணைப்பு அறுகிறது. மேலே சொன்ன 1500க்கும் 1400க்கும் உள்ள வேறுபாட்டை அவர் எங்கே தேடுவார்? மனப்பாடம் செய்த வினாவில் அது வந்திருக்காது. வார்டில் காத்திருக்கும் நோயாளிக்கு அவருடைய மதிப்பெண்ணால் என்ன பயன்? ஓட்டத் தெரியாதவருக்கு ஓட்டுநர் உரிமம் வாங்கிக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். "எப்படியாவது தேறிவிடு" என்று சொல்லும்போது அந்த "எப்படியாவது" என்ற சொல் பிள்ளையின் காதில் எவ்வாறு விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டாருக்கும் உதவுவோருக்கும்

2020இல் மாற்றியமைத்தபோது மையத் தேர்வின் கட்டணம் 400 அமெரிக்க வெள்ளி. ஆய்வுக்கூடத் தேர்வின் கட்டணம் 1,600 அமெரிக்க வெள்ளி. ஆக ஒருமுறை முயல்வதற்கே 2,000. ஆய்வுக்கூடத் தேர்வு உலகின் சில நகரங்களில் மட்டுமே நடந்து வந்துள்ளது. பெங்களூர் அவற்றுள் ஒன்று. பயணச் செலவும் தங்கும் செலவும் வேறு. முதல் முயற்சியில் தவறுவோர் இத்தேர்வில் ஏராளம். மூவறை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு இரண்டாம் முயற்சி என்பது எளிய செய்தி அன்று. தவறிவிட்ட பிள்ளை, பணம் போயிற்றே என்ற கூச்சத்தால் வாய்திறவாமல் படிப்பையே கைவிடுவதும் நடக்கிறது.

எனவே முதலிலேயே இரண்டு முயற்சிக்குரிய செலவைக் கணக்கிட்டுக்கொண்டு இறங்குவது நலம். 2016 முதல் 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 500 வெள்ளி கல்வித்தொகை வழங்கப்பட்டது; 2024இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு 4,000 வெள்ளி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. இத்தொகை அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்கு உரியது. சேரப்போகும் வகுப்பு அப்பட்டியலில் உள்ளதா என்று பணம் கட்டுமுன் கேட்டறியுங்கள். மாணவருக்கு உதவ முன்வரும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு சொல்: தேர்வுக் கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு முடிவை எதிர்பார்த்திருப்பதைவிட, படிக்கும் ஓராண்டுக்கு அவர் இரவு வேலையோ கூடுதல் வேலையோ தேடாதபடி சிறு தொகை கொடுப்பது மிகுந்த பலன் தரும். அவருக்கு வேண்டியது நேரம்.

தேர்ச்சி பெற்ற பின்னும் கடமை முடிவதில்லை. சான்றிதழ் மூன்றாண்டுக்கே செல்லும். மறுபடியும் தேர்வு எழுதியோ, தொடர்கல்விப் புள்ளிகள் பெற்றோ புதுப்பிக்க வேண்டும். உயர்படிக்கு 120 புள்ளிகள் என்று வகுத்தார்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்சொன்ன அலுவலகத்தில் 192.168.10.200 எந்தப் பிரிவைச் சேர்ந்தது?
2. ஒரே பிரிவில் 300 கணினிகள் இருந்தால் எத்தனை முகவரி கொண்ட பங்கு வேண்டும்? அதை எவ்வாறு குறிப்பது?
3. 192.168.10.0/24 என்ற ஒரே பகுதிக்கு ஈ.ஐ.ஜி.ஆர்.பி. ஒரு வழியும் ஓ.எஸ்.பி.எஃப். ஒரு வழியும் சொன்னால் ரூட்டர் எதை ஏற்கும்?

விடைகள்: (1) மூன்றாம் பிரிவு, அது 192 முதல் 223 வரை. (2) 512 முகவரி, பயன்படுபவை 510. /23 என்று குறிப்பர். (3) ஈ.ஐ.ஜி.ஆர்.பி. சொன்ன வழி, பகுதி ஒன்றே ஆதலால் நம்பிக்கை எண் பார்க்கப்படும், 90 என்பது 110ஐவிடக் குறைவு.

மூன்றுக்கும் விடை கண்ட அன்பர்கள், தம் வீட்டில் இத்துறையில் படிக்கும் பிள்ளையை அழைத்து இவ்வினாக்களைக் கேளுங்கள். பிள்ளை விளக்க, நீங்கள் அமர்ந்து கேட்கலாம். கேட்பாரைப் பெற்ற மாணவனுக்குக் கல்வி விரைந்து வளரும். நம் பிள்ளைகள் நேரிய வழியில் கற்று, உயர்நிலை எய்தி, பலருக்கும் பயன்பட வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகிறேன்.